தட்டு வைத்தியர்

“தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு சொல்றேன்.”

நீங்கள் தட்டை ஓங்கிய கையோடு நிற்கும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து இப்படி ஒரு குரல் வந்தால், அன்பரே, திரும்பிப் பார்க்காதீர்கள். பார்த்தால் போச்சு. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் தட்டு வைத்தியர் என்னும் இனத்தைச் சேர்ந்தவர். மிச்சிகனில் எங்கள் ஹேஸல் க்ரீக் பூங்காவில் மட்டும் இந்த இனத்தில் ஆறு பேர் நடமாடுகிறார்கள். மற்றப் பிராணிகளெல்லாம் பனிக்காலத்தில் பொந்துக்குள் போய்விடும். இவர்கள் போகமாட்டார்கள். முழங்கால் பனியில் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து, குளிரில் பிளாஸ்டிக் எப்படி விறைத்துப்போகும் என்று உங்களுக்கு விளக்குவார்கள்.

ஆட்டம் என்னவோ எளிமையானதுதான். பதினெட்டு இரும்புக் கம்பங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கூடை, கூடைக்கு மேலே சங்கிலித் தொங்கல். எறிமேடையில் நின்று தட்டை எறிகிறீர்கள். அது விழுந்த இடத்துக்கு நடந்துபோய் அங்கிருந்து மறுபடி எறிகிறீர்கள். கூடைக்குள் விழுகிறவரை எறிகிறீர்கள். குறைந்த எறிகளில் முடித்தவர் கெட்டிக்காரர். இவ்வளவுதான் டிஸ்க் கோல்ஃப். ஒரு நாய்க்குக்கூட ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிடும். எங்கள் பூங்காவில் பல நாய்களுக்கு விளங்கியும் இருக்கிறது. ஆனால் வைத்தியர் கண்ணுக்கு இது விளையாட்டாகத் தெரியாது. நோயாகத் தெரியும். நோயாளி நீங்கள். மருந்து அவர் பையில் இருக்கிறது.

பை என்றா சொன்னேன்? மன்னிக்கவும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவன் கற்றுக்குட்டி. நான் சொல்கிறவருடையது இரண்டு சக்கரம் வைத்த வண்டி. அதில் உட்கார ஓர் ஆசனம், குடை, தண்ணீர்ப் புட்டி, மான் கறி வற்றல் ஒரு பொட்டலம், உள்ளங்கை வேர்வைக்கு ஒரு சுண்ணப்பொடி முடிச்சு, மூன்று துண்டுகள் (ஒன்று ஈரம், ஒன்று உலர்ந்தது, ஒன்று யாரும் தொடக் கூடாதது), இத்தனைக்கும் நடுவே கோயில் கருவறை மாதிரி ஓர் இடத்தில் முப்பத்தொரு தட்டுகள். அந்த முப்பத்தொன்றில் ஐந்து ஒரே தட்டு. ஒரே கம்பெனி, ஒரே அச்சு, ஒரே எடை. ஏன் ஐந்து என்று நான் ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். ஒன்று புதுசாம், ஒன்று கொஞ்சம் பழகினதாம், ஒன்று நடுவயசாம், ஒன்று தேய்ந்ததாம், கடைசி ஒன்று பென்ஷன் வாங்கினதாம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காற்று. இந்த விளக்கம் முடிவதற்குள் மழை வந்து நின்றுவிட்டது.

எங்கள் ஊர் வைத்தியர்களில் தலைமை வைத்தியர் டுவேன் டெர்ப்ஸ்ட்ரா. நாற்பத்திரண்டு வயது. பிழைப்புக்குக் கராஜ் கதவு மாட்டுகிறார். ஆனால் தொழில் என்ன என்று கேட்டால் கராஜைச் சொல்லமாட்டார். “புரொபஷனல்” என்பார். பொய் என்று சொல்லிவிட முடியாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்து மாநிலத்துப் பந்தயம் ஒன்றில் பெரியவர்கள் பிரிவில் பதினோரு பேர் ஆட, இவர் ஒன்பதாவதாக வந்தார். மழைக்குப் பயந்து இருவர் பாதியில் போய்விட்டார்கள் என்பதை வரலாறு மறந்துவிட்டது. ஒன்பதாம் இடத்துக்கும் ஒரு சிறு ரொக்கப் பரிசு இருந்தது. எங்கள் ஆட்டத்தில் ரொக்கம் வாங்கிய கை அப்புறம் அமெச்சூர் கை ஆகாது. அன்றைக்கு ஏறிய பட்டம் இன்றுவரை இறங்கவில்லை.

ஒரு தட்டை எடுத்துப் பாருங்கள். மேலே நான்கு எண்கள் அச்சடித்திருக்கும். வேகம், மிதப்பு, பாதி வழியில் எவ்வளவு வலப்பக்கம் திரும்பும், கடைசியில் எவ்வளவு இடப்பக்கம் சாயும். உங்களுக்கும் எனக்கும் அது எண். வைத்தியருக்கு அது ஜாதகம். எண்ணைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார், மறுபடி எண்ணைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். பொருத்தம் இல்லை. இடது பக்கம் போகிறதா? தட்டு உனக்குக் கனம். வலது பக்கம் போகிறதா? தட்டு தேய்ந்துவிட்டது. நேராகப் போய்க் கூடைக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டதா? அப்போதும் விடமாட்டார்.

“இப்ப நேராத்தான் போகும். காத்து அடிக்கட்டும், அப்பத் தெரியும் அதோட லட்சணம்.”

நான் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவன். யார் வீட்டுக்கு என்ன வருகிறது என்று வெளியே சொல்லக் கூடாது, சத்தியம் செய்துகொடுத்திருக்கிறேன். ஆகவே டெர்ப்ஸ்ட்ரா வீட்டுக்கு வரும் சதுரப் பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் பதினேழு பெட்டிகள் என்று எண்ணிக்கையைச் சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன். உலகத்தில் எங்கோ ஒரு தொழிற்சாலையில் தன் கைக்கென்றே ஒரு தட்டு வார்க்கப்பட்டிருக்கிறது, அது வந்து சேர்ந்துவிட்டால் எறி தானாகவே சரியாகிவிடும் என்பது இந்த இனத்தின் நம்பிக்கை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் ஆட்டத்துக்குக் கூடமே கிடையாது, வெறும் புல்வெளி. அதனால் பழி முழுவதும் பிளாஸ்டிக் தலையில் விழுகிறது.

மருந்து போக, பத்தியமும் உண்டு. தினம் காலையில் காபிக்கு முன்னால் நூறு எறி, இருபது அடியிலிருந்து, கூடையை நோக்கி. ஒன்று தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. எறிவதைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பார்க்க வேண்டும். மழைநாளில் வீட்டுக்குள் துண்டை வைத்துக்கொண்டு இடுப்பைச் சுழற்றிப் பழக வேண்டும். இவற்றைச் சனிக்கிழமை தோறும் இலவச வகுப்பு நடத்தி எங்கள் மண்டையில் ஏற்றினார். நான் அசட்டுத்தனமாகப் பதினோரு நாள் செய்தேன். நடைபாதைக் கூடத்தில் துண்டைச் சுழற்றி ஒரு விளக்கை உடைத்ததோடு என் பத்தியம் முறிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை கையெழுத்து வாங்க வேண்டிய பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுப் பின்பக்கம் போனேன். அங்கே இருந்தது, தினம் நூறு எறிக்கென்று வாங்கிவைத்த அந்தப் புகழ்பெற்ற பயிற்சிக் கூடை. சங்கிலிக்குச் சங்கிலி கொக்கி போட்டு, ஊதாவும் வெள்ளையுமாகப் பெட்டூனியாப் பூந்தொட்டிகள் நான்கு தொங்கிக்கொண்டிருந்தன. அவர் மனைவி கார்லா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“பயிற்சிக்கு எடுக்கறப்போ தொட்டியெல்லாம் கழட்டிடுவீங்களா?” என்று கேட்டேன்.

“எதுக்குப் பயிற்சி? போன வருஷம் மே மாசத்துலேர்ந்து இது என்னுது. நாலு தொட்டி தாங்குது. டுவேன் வாங்கினதுலயே உருப்படியானது இதுதான்.”

அதற்காக அவர் ஆடத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் சங்கடம். டுவேன் நன்றாக ஆடுவார். எங்களில் யாரையும்விட நன்றாக. வாயை மூடிக்கொண்டு ஆடினால் இன்னும் மூன்று எறி குறையும். ஆனால் வாயை மூடுவதற்கான தட்டு இன்னும் வார்க்கப்படவில்லை.

எங்கள் சங்கத்தில் முப்பத்தொரு பேர். ஆளுக்கொரு வில்லை, ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எண் போட்டது, பையில் கட்டித் தொங்கவிட்டிருப்போம். சேர்ந்து ஆடும்போது யார் நன்றாக ஆடுகிறாரோ அவர் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். தோற்றவர் பெரிய எண்ணை வாங்கிக்கொண்டு நடக்க வேண்டும். என்னிடம் வழக்கமாக இருபத்துச் சொச்சம். ஒன்றாம் எண் வில்லை நான்கு கோடைக்காலமாக டுவேனிடம் இருந்தது. ஆட்ட நாளில் வண்டியில் தொங்கும். மற்ற நாட்களில் கராஜ் கதவு வேனின் கண்ணாடியில் தொங்கும். கதவு மாட்டப் போன வீடுகளில் யாராவது அது என்ன என்று கேட்டுவிட்டால் கதவு மாட்ட ஒருமணி நேரம் கூடுதலாகும்.

போன வருஷம் சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். அக்டோபர் கடைசிப் பந்தயத்தில் ஒன்றாம் எண்ணை யார் எடுக்கிறாரோ, அவர் பெயரை அச்சிட்டு வசந்தத்தில் நூறு தட்டுகள் அடிப்பது என்று. பெயர் அச்சிட்ட தட்டு என்றால் சாதாரணமா? உண்மையான புரொபஷனல்களுக்குத்தான் அது கிடைக்கும். அந்தப் பன்னிரண்டு வருஷ ஏக்கம் டுவேன் கண்ணில் அன்றைக்கே தெரிந்தது. பந்தயத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே பிளாஸ்டிக் வகை, எடை, நிறம், எழுத்தின் சாய்வு எல்லாம் முடிவு செய்துவிட்டார். “டுவேன் டெர்ப்ஸ்ட்ரா” என்று கையெழுத்துப் போட்டு மாதிரி வரைந்து என்னிடமே காட்டினார். டி என்ற எழுத்தின் வால் ஒரு தட்டு பறந்துபோகும் பாதை மாதிரி வளைந்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் சங்கத்தின் இன்னொரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஆட்டத்தில் நடுவர் கிடையாது. கூட ஆடுகிறவர்களே நடுவர்கள். ஒருவர் தப்பு செய்தால் இன்னொருவர் உரக்கச் சொல்ல வேண்டும். ஆனால் ஒருவர் சொன்னால் போதாது, மற்றொருவர் அதை வழிமொழிய வேண்டும். அப்போதுதான் தண்டம், அதாவது கணக்கில் ஓர் எறி கூடும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததும் டுவேன்தான். சட்டப் புத்தகத்தை முழுக்கப் படித்த ஒரே மனிதர் அவர். நாங்களும் படிக்க வேண்டும் என்று ஆளுக்கொரு பிரதி அச்செடுத்துக் கொடுத்து, சனிக்கிழமை வகுப்பில் கேள்வி கேட்டார். ஜூலை மாதத்தில் என் கால் தட்டு விழுந்த அடையாளத்தைவிட்டு இரண்டு அங்குலம் தள்ளி இருந்தது என்று சொல்லி எனக்குத் தண்டம் போட்டவரும் அவரே. இரண்டு அங்குலம். நான் அப்போது கடைசி இடத்தில் இருந்தேன். எனக்குத் தண்டம் போட்டு அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. “உன் நல்லதுக்குத்தான்” என்றார்.

கடைசிப் பந்தயம் அக்டோபர் இறுதி ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டபிறகு. மேப்பிள் இலை கொட்டும் காலம். எறிந்த தட்டு இலைக்கடியில் புகுந்துவிட்டால் மூன்று பேர் குனிந்து தேட வேண்டும். யார் யாரோடு ஆடுவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். டுவேன், நான், மார்லிஸ் கைப்பர் மூவரும் ஒரு கோஷ்டி.

மார்லிஸுக்கு அறுபத்திரண்டு வயது. எட்டாம் எண் பள்ளிப் பேருந்தை முப்பத்தைந்து வருஷமாக ஓட்டுகிறார். இந்த ஊரில் பாதிப் பேரை “உக்காரு” என்று சொல்லி உட்கார வைத்தவர்; டுவேனும் அதில் அடக்கம். கணவர் போனபிறகு, வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஆட வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் மூன்றே மூன்று தட்டு. கூடைக்குப் பக்கத்தில் வந்ததும் எடுப்பது ஒரு சிவப்புத் தட்டு. யார் வீட்டுக் கராஜிலோ பழைய சாமான் விற்றபோது பொறுக்கியது. தொலைந்தால் திரும்பக் கிடைக்கட்டும் என்று தட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். அதில் முன்னாள் சொந்தக்காரர் பெயர் கெவின் என்று இருந்தது. மார்லிஸ் அந்த நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து தட்டின் பெயரே கெவின்.

கெவினைப் பார்த்தால் டுவேனுக்கு வயிற்றெரிச்சல். எண்கள் அழிந்துபோன தட்டு. ஜாதகமே இல்லை. வேகம் என்ன, மிதப்பு என்ன, எதுவும் தெரியாமல் ஒரு மனுஷி அதை எறிகிறாள், அதுவும் போய்க் கூடைக்குள் விழுகிறது. அது நாய்க்கு வீசுகிற தட்டு என்று முதல் எறிமேடையிலேயே ஆரம்பித்தார். மூன்றாவதில் தன் வண்டியிலிருந்து மூன்று தட்டு எடுத்து இரவல் நீட்டினார். ஆறாவதில் மார்லிஸின் முழங்கையைப் பற்றிப் பேசினார். ஒன்பதாவதில் மூச்சு விடுவதைப் பற்றி. மார்லிஸ் எல்லாவற்றுக்கும் “ஆகட்டும் கண்ணு” என்று சொல்லிவிட்டுக் கெவினை எறிந்தார். முப்பத்தைந்து வருஷம் முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் கத்துவதைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டியவரை ஒருவர் கத்தி என்ன செய்துவிட முடியும்?

பேசிப் பேசி டுவேன் பன்னிரண்டாவதில் ஓர் எறியை விட்டார், பதினைந்தாவதில் இன்னொன்றை ஓடைக்குள் விட்டார். பதினேழு கூடை முடிந்து எறிக்கணக்கு அட்டையைக் கூட்டிப் பார்த்தால் இருவரும் சமம். எங்களுக்கு முன்னால் முடித்த கோஷ்டிகளில் யாரும் இவர்கள் கிட்டத்தில்கூட இல்லை என்று செய்தி வந்தது. சமமாக முடிந்தால் வில்லை ஏற்கெனவே வைத்திருப்பவரிடமே இருக்கும். அதாவது டுவேன் தோற்காமல் இருந்தால் போதும். நூறு தட்டில் அவர் பெயர்.

பதினெட்டாவதில் இருவரும் இரண்டு இரண்டு எறிந்தாயிற்று. டுவேனின் தட்டு கூடைக்கு எட்டடியில் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு போடலாம். மார்லிஸுடையது இருபத்தைந்து அடியில், ஓக் மரத்து வேருக்குப் பக்கத்தில். தூரத்தில் இருப்பவர் முதலில் எறிய வேண்டும். மார்லிஸ் கெவினை எடுத்துக்கொண்டு வேருக்குப் பின்னால் காலை ஊன்றினார். முன்னால் முடித்தவர்களெல்லாம் ஆப்பிள் சைடர்க் குவளையோடு சுற்றி நின்றார்கள்.

டுவேன் பேசாமல் நின்றிருக்கலாம். பேசாமல் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்லிஸின் மணிக்கட்டு தொங்கியிருந்தது. அது அவரை உள்ளுக்குள் அரித்தது. தான் ஜெயிக்க வேண்டுமென்றால் அந்த மணிக்கட்டு தொங்கியே இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பொறுக்க முடியவில்லை. ஒருவர் தப்பாக எறியப்போகிறார், சரியான முறை தன்னிடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் சும்மா இருப்பதா?

“தப்பா எடுத்துக்காதீங்க மார்லிஸ், ஒண்ணு சொல்றேன்,” என்றார். “மணிக்கட்டத் தொங்க விட்டீங்கன்னா தட்டோட முன்விளிம்பு மேல தூக்கிக்கும். இப்படிப் பிடிங்க. பின்னங்கால லேசாத் தூக்கணும். இதோ, இப்படி.”

வண்டியிலிருந்து ஒரு தட்டை உருவி, மார்லிஸுக்குப் பக்கத்தில் நின்று, எறிந்து காட்டினார்.

அன்றைக்கு அவர் எறிந்ததிலேயே அருமையான எறி அதுதான். ஓக் இலைகளுக்கு நடுவே ஒரு கோடு போட்டதுபோலப் போய்ச் சங்கிலியின் நட்டநடுவில் பட்டு, கலகலவென்று கூடைக்குள் விழுந்தது. டுவேன் திரும்பிப் பெருமையோடு சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை.

“டுவேன்,” என்றார் மார்லிஸ், “இப்ப என்ன பண்ணினே?”

“காட்டினேன்.”

“என்னத்தக் காட்டினே?”

“எப்படிப் போடணும்னு...”

“கூடையப் பார்த்துப் போட்டியா?”

டுவேன் கூடைக்குள் கிடந்த தட்டைப் பார்த்தார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கூடையை நோக்கிப் பயிற்சிக்காக எறியக் கூடாது. எறிந்தால் ஒரு தண்டம். எங்களுக்கு அச்செடுத்துக் கொடுத்த பிரதியில் அந்த வரிக்கு அவரே மஞ்சள் கோடு போட்டிருந்தார்.

“பயிற்சி எறி. ஒரு தண்டம்,” என்றார் மார்லிஸ். கோபமில்லை, குத்தலில்லை, “உக்காரு” என்று சொல்கிற அதே குரல்.

இனி யாராவது வழிமொழிய வேண்டும். கோஷ்டியில் மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான். டுவேன் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வைத்தியரே நோயாளி ஆகிவிட்ட முகம்.

“நீ பாக்கலதானே?” என்றார் மெதுவாக. “இலைய மிதிச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தேல்ல?”

உங்களிடம் மறைப்பானேன். ஒரு கணம் தடுமாறினேன். அதற்கு முந்தின டிசம்பரில் என் கராஜ் கதவு பாதியில் இறங்கி நின்று, கார் உள்ளே மாட்டி, நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, பனியில் வேனை ஓட்டிக்கொண்டு வந்து சரிசெய்துவிட்டு ஒரு காபி மட்டும் குடித்துவிட்டுப் போனவர் இந்த டுவேன். கதவைச் சரிசெய்த ஒருமணி நேரமும் என் மணிக்கட்டைப் பற்றித்தான் பேசினார் என்பது வேறு விஷயம். நல்ல மனுஷன். அந்த டி எழுத்தின் வால் கண்முன் வந்தது. நான் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் வாழ்நாள் ஆசை நிறைவேறும். ஆனால் ஜூலை மாதத்து இரண்டு அங்குலமும் கூடவே வந்து நின்றது.

“தப்பா எடுத்துக்காதே டுவேன், ஒண்ணு சொல்றேன்,” என்றேன். “வழிமொழியறேன்.”

மார்லிஸ் மறுபடி காலை ஊன்றினார். கெவினைத் தூக்கினார். அப்புறம் ஒரு காரியம் செய்தார்: தொங்கிய மணிக்கட்டை நிமிர்த்தினார். பின்னங்காலை லேசாகத் தூக்கினார். டுவேன் காட்டியபடியே எறிந்தார். கெவின் போய்ச் சங்கிலியில் விழுந்து கூடைக்குள் உட்கார்ந்தான்.

“பாத்தீங்களா, மணிக்கட்டு!” என்று ஒரு கத்தல். கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? டுவேன்தான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார். பன்னிரண்டு வருஷத்தில், எனக்குத் தெரிந்து, அவருடைய அறிவுரை ஒன்று முதல்முறையாகப் பலித்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில், அது தன் கழுத்தில்தான் விழுந்திருக்கிறது என்பது புரிய அவருக்கு மூன்று விநாடி பிடித்தது. கை இறங்கியது. போய் எட்டடித் தட்டைக் கூடைக்குள் போட்டார். ஓர் எறியில் தோல்வி. வண்டியில் தொங்கிய வில்லையின் முடிச்சை அவிழ்க்க விரல் வரவில்லை. நான்கு வருஷ முடிச்சு. மார்லிஸ் சாவிக்கொத்திலிருந்த சின்னக் கத்தியைக் கொடுத்தார். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தொலையாத தட்டு ஒன்றை இலைக்குள் தேடினேன்.

ஆனால் இந்த இனத்துக்காக ரொம்ப நேரம் வருத்தப்பட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டோனட் பெட்டி திறப்பதற்குள் டுவேன் தேறிவிட்டார். அடுத்த வாரம் ஊருக்குள் ஒரு புதுக்கதை உலவியது: ஒன்றாம் எண்காரிக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்ததே அவர்தானாம். நவம்பரில் சனிக்கிழமை வகுப்புக்குக் கூட்டம் இரட்டிப்பானது.

நூறு தட்டுக்கு என்ன பெயர் போடுவது என்று குளிர்காலத்தில் சங்கத்தார் மார்லிஸைக் கேட்டார்கள். என் பெயர் எதற்கு, பேருந்திலேயே எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒரு காகிதத்தில் வேறு எதையோ எழுதிக் கொடுத்தார். ஏப்ரலில் பெட்டி வந்தது. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே சிவப்புத் தட்டுகள், எண்கள் இல்லை, நடுவில் வளைந்த எழுத்தில் ஒரே வரி:

“தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு சொல்றேன்.”

டுவேன் எட்டு வாங்கினார். தன் வாக்கியம் பிளாஸ்டிக்கில் ஏறிவிட்டதில் அவருக்குக் கண் கலங்கியது, நிஜமாகவே கலங்கியது. கேலி என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதில் ஒன்றுக்கு வேனின் கண்ணாடியில், வில்லை தொங்கிய இடத்தில், கொக்கி போட்டுவிட்டார்.

மிச்சத் தட்டுகள் இரண்டே நாளில் விற்றுப்போயின. அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. வாங்கியவர்கள் எல்லோரும் அந்த வரியைப் படித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் விலாவில் இடித்து, “நம்ம ஆளுதான்” என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்த ஆறு வைத்தியர்களில் மீதி ஐந்து பேரும் அப்படியே சிரித்தார்கள். நானும் ஒன்று வாங்கிச் சிரித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நாலாவது எறிமேடையில், யாரோ ஒரு புதுப் பெண் தட்டை ஓங்கிக்கொண்டு நின்றாள். மணிக்கட்டு தொங்கியிருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், தப்பா எடுத்துக்காதீங்க என்று ஆரம்பித்தது. சுற்றும் முற்றும் பார்த்தேன். டுவேன் அங்கே இல்லை. அவளுக்குப் பின்னால் நின்றது நான் ஒருவன்தான்.

நீங்கள் தட்டு எறிகிறவர் இல்லை, அதனால் பயமில்லை என்று நினைக்கிறீர்களா? நல்லது. இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் மனசில் வந்து, சிரித்திருப்பீர்கள். அவருக்கு இதைப் படிக்கக் கொடுத்தால் திருந்துவார் என்றும் நினைத்திருப்பீர்கள். கொடுங்கள். கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதை மட்டும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.